நாற்பது என்று நான் சொல்லவில்லை

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கக்கூடிய கடிதம் இல்லை இது. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் நான் என்பதுதான் உனக்குத் தெரியாது. வருகிற மாதம் பிறந்ததும் நீ சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறாய். அதற்கு முதல்நாள், முகில் படங்களைப் பார்த்து அடுத்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குக் காற்று மழை சொல்லுகிற உன்னுடைய அந்தக் கணினியை நிறுத்திவிடுவேன் என்று சொன்னாய். நீ அதை நிறுத்துவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். போனில் சொல்ல மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் "சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உனக்கு நல்ல ஞாபகம் இருக்கும், ஏனென்றால் மூன்றாவது தரம் நீ, "அம்மா, இப்பதானே கேட்டனீங்கள்" என்றாய். எழுதினால் நீ இடையில் குறுக்கிட்டு "சரி விடுங்கோ அம்மா" என்று சொல்ல முடியாது. உனக்கு அனுப்புவதற்கு முன் இதை வேறு ஆட்களுக்கும் வாசிக்கப் போகிறேன். ஏன் என்பது வாசித்துக்கொண்டு போகும்போது உனக்கே விளங்கும். அவர்களும் கேட்கப்போவதால், உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நீ கொழும்பிலிருந்து லீவில் பருத்தித்துறைக்கு வந்தபோது, வந்த அன்றே என் போனைப் பறித்து வைத்துக்கொண்டு ஏதோ செய்தாய். திருப்பித் தரும்போது அதில் எங்கள் கடலின் படம் இருந்தது. வெளிச்ச வீடு ஒரு புள்ளி, அதற்கு அங்கால் கடல், கடலுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். "இது வானத்துக்கு மேலை நிக்கிற செய்மதி பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எடுக்கிற முகில் படம் அம்மா. முகிலின்ரை உச்சி எவ்வளவு குளிரோ, அவ்வளவுக்கு அது உயரம். உயரமான முகில்தான் அடிக்கும்" என்றாய். பல வருடத்துப் படங்களை அந்தக் கணினிக்குக் காட்டி, இப்படி இருந்த முகில் ஒரு மணித்தியாலத்தில் எப்படி ஆனது என்று அதையே படிக்க விட்டிருக்கிறாய் என்றும், இனி அது கடைசி ஒரு மணி நேரப் படங்களைப் பார்த்து அடுத்ததைத் தானே வரையும் என்றும் சொன்னாய். படத்தின் மூலையில் ஒரு எண் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "நூற்றிலை எத்தனை எண்டு. நாற்பது எண்டு வந்தால், இப்பிடி முகில் பத்துத்தரம் வந்தால் நாலுதரம் அடிக்கும், ஆறுதரம் அடியாது. அந்த ஆறும் பொய்யில்லை அம்மா, அதை ஆக்களுக்குச் சொல்லோணும்" என்றாய். நான் தலையாட்டினேன். விளங்கியவள்போலத் தலையாட்டுவதில் உன் அம்மாவை வெல்ல ஆளில்லை.

கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராக நான் இருந்தது உனக்கு வசதியாகிவிட்டது. விடியற்காலையில் போகிற படகுகள் மதியத்துக்குள் திரும்பும். ஒவ்வொரு படகிலும் ஒரு போன் பொலித்தீன் பைக்குள் சுற்றியபடி இருக்கும். கடலில் நிற்பவனுக்குப் படம் பார்க்கக் கை காயாது, எழுத்தை வாசிக்கவும் முடியாது. எனவே நான் சங்க அறையில் இருந்து எண்ணைப் பார்த்து, குரலில் பதிந்து, நீ இல்லாத, படகுக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இதுதான் ஏற்பாடு. "அம்மா, எண்ணை எண்ணாவே சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்." நீ போகும்போது பஸ்ஸின் படியில் நின்று இதைச் சொன்னாய். ஓம் என்றேன்.

முதல் சில மாதங்கள் சொன்னபடிதான் செய்தேன். ஆனால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. உனக்குத் தெரியும், தொழிலுக்குப் போகிறவனை எங்கள் ஒழுங்கை வீடுகளில் யாரும் பின்னால் கூப்பிட மாட்டார்கள். எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். படகு வெளியே நிற்கும்போது வீட்டுக்குள் புயல், காற்று என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள். அப்படி வளர்ந்த நான் படகில் நிற்கிற ஆம்பிளைகளுக்கு, அதுவும் என் கூடப்பிறந்த தம்பிக்கு, உன் மாமாவுக்கு, "காற்று அடிக்கலாம்" என்று விடியக் காலமையே வாயால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தரமும் சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையாரைக் கும்பிடுவேன். இதை என் பிழைக்கு ஒரு சாட்டாகச் சொல்லவில்லை. சாட்டு வேறு இருக்கிறது, அதைவிட அசிங்கமானது.

போன வருட ஐப்பசித் தொடக்கத்தில் ஒருநாள் எண் அறுபது காட்டியது. அறுபது என்றே சொன்னேன். பதினொரு படகு வலையைப் பாதியில் இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தன. வந்து பார்த்தால் வெயில் கொளுத்துகிறது. முகில் கிழக்காலே விலகிப் போய்க் கடலில் பெய்து முடிந்ததை நீ அன்று மாலையே எனக்குப் படத்தில் காட்டினாய். அதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே மீன் விற்கிற இடத்தில் என் மானம் போய்விட்டிருந்தது. "அக்கா, மகன்ரை முகில் எங்கை? கொழும்பிலை பஸ் பிந்திப்போச்சோ?" என்று ஒருவர் கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஒருநாள் பிழைப்பு போனவர்கள் அதையாவது கேட்கத்தானே வேண்டும். ஆனால் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என் பிள்ளை இராப்பகலாக இருந்து செய்ததை இவர்கள் மீன் கூடைக்கு மேலே வைத்துச் சிரிக்கிறார்களே என்றிருந்தது. அன்று முடிவெடுத்தேன், இனி உன் பெயர் கெடுகிற மாதிரி எதையும் என் வாயால் சொல்வதில்லை என்று. அடுத்த நாளிலிருந்து அறுபது வந்தால் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றேன். முப்பது, நாற்பது வந்தால் ஒன்றும் இல்லை என்றேன். மூன்று கிழமை ஒரு பிழையும் வரவில்லை. எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இது எனக்குப் புதுப்பழக்கம் இல்லை, தம்பி. நீ ஏ.எல் பரீட்சை முதல்தரம் எழுதி முடிவு வந்தபோது இரண்டு பாடம் கோட்டை விட்டிருந்தாய். கேட்டவர்களுக்கெல்லாம் இன்னும் முடிவு வரவில்லை, உன் இலக்கத்தில் ஏதோ குழப்பம் என்று சொன்னேன். பத்து நாள் உன்னைப் படலைக்கு வெளியே விடவில்லை. பத்தாம் நாள் நீ குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா, நான் பெயில் எண்டு சொல்லுங்கோ. சொன்னால்தான் எனக்கு மூச்சு விடலாம்" என்றாய். நான் உன்னை ஏசினேன். பிறகு உன் மாமாதான் வந்து உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், சந்தியில் நின்ற எல்லாருக்கும், "பெடியன் இந்தமுறை விட்டிட்டான், அடுத்தமுறை அடிப்பான்" என்று சொல்லித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். உன் அப்பா போன பிறகு மாமாவின் உழைப்பில்தான் நீ படித்தாய். அவர் உன் எண்ணை உள்ளபடி ஊருக்குச் சொன்னார். நான் எப்போதும் உன் எண்ணைத் திருத்தித்தான் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

காலை எட்டு மணி கழிந்து பத்து நிமிடம். எண் நாற்பது. வடகிழக்கிலே ஒரு திட்டு, பெரிதும் இல்லை. எழும்பி யன்னலால் பார்த்தேன். வானம் கழுவி விட்டதுபோலக் கிடந்தது. கடலில் ஒரு அசைவு இல்லை. போனை எடுத்து இப்படிச் சொன்னேன்: "இப்போதைக்கு ஒண்டும் இல்லை. வேலையைப் பாருங்கோ." சொல்லும்போது குரலில் ஒரு சிரிப்பும் இருந்தது, ஏனென்றால் உள்ளே வந்த ஒருவர் எனக்கு வடை நீட்டினார். எட்டு இருபதுக்கு நாற்பத்தைந்து. எட்டு முப்பதுக்கு ஐம்பத்தைந்து. அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது நிமிடத்துக்கு முன் ஒன்றும் இல்லை என்றவள் இப்போது எப்படி மாற்றிச் சொல்வது? இன்னும் ஒரு படம் வரட்டும், குறைந்துவிடும் என்று இருந்தேன். அந்தப் பத்து நிமிடம் என் மேசையில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எட்டு நாற்பதுக்கு எழுபத்தைந்து. அதற்குப் பிறகு நான் போட்ட குரல்பதிவுகளை நானே திரும்பக் கேட்கப் பயப்படுகிறேன். "வாங்கோ, எல்லாரும் கரைக்கு வாங்கோ" என்று கத்தியிருக்கிறேன். கை இரண்டும் வலையில் இருக்கிறவன் பொலித்தீன் பையை எப்போது திறப்பான்? யன்னலுக்கு வெளியே வடகிழக்கு கறுத்துவிட்டது. பிறகு சங்கத்துக் கதவு தானாக அடித்துச் சாத்தியது.

ஒன்பது படகு அடிபட்டுக் கரை சேர்ந்தது. மாமாவின் படகு எல்லாருக்கும் வெளியே நின்றிருக்கிறது. அது கவிழ்ந்தபோது அவருடைய கால் கயிற்றுக்கும் படகின் விளிம்புக்கும் இடையில் அகப்பட்டுவிட்டது. மதியத்துக்குச் சற்று முன்னால் தேடிப்போனவர்கள் அவரையும் கூட நின்றவரையும் கவிழ்ந்த படகின் மேலே கண்டு கரைக்குக் கொண்டு வந்தார்கள். கூட நின்றவருக்குக் காயம் இல்லை. மாமாவின் கால் இரண்டு இடத்தில் முறிந்து, பொருந்தியும் கோணலாகத்தான் பொருந்தியது. ஆடுகிற படகில் ஊன்றி நிற்க அந்தக் கால் இனி உதவாது. அவர் இப்போது வீட்டு வாசலில் கதிரை போட்டு, கிழிந்த வலை பொத்துகிறார். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, ஆஸ்பத்திரி விறாந்தையில் நான் செய்தது. அவரை உள்ளே கொண்டுபோன பிறகு நான் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, எட்டுப் பத்துக்குப் போட்ட அந்தக் குரல்பதிவை எல்லாருடைய போனிலிருந்தும் அழித்தேன். அழித்து முடியவும் நீ எடுத்தாய். "அம்மா, நாற்பதிலையே சொன்னனீங்களோ?" என்று கேட்டாய். "ஓம் தம்பி, நாற்பது எண்டு சொன்னனான்" என்றேன். மறுமுனையில் நீ அழுத சத்தம் கேட்டது. மாமாவுக்காக அழுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ எதற்காக அழுதாய் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "நாற்பது எண்டு சொல்லியும் ஒருத்தரும் திரும்பேல்லை எண்டால், நான் செய்தது ஒரு வேலையே இல்லை அம்மா. எண் ஆக்களைக் காப்பாத்தாது" என்றாய். இங்கே சங்கக் கூட்டத்தில் தலைவர் எழும்பி, "மிசின் எட்டரை வரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை. அதை நம்பி இனிப் போகேலாது. தம்பி பாவம், அவனிட்டை இதைப்பற்றி ஒருத்தரும் கதையாதேங்கோ" என்றார். அங்கே நீ, அவர்கள் கேட்டும் கேட்காமல் விட்டார்கள் என்று நினைத்தாய். இங்கே இவர்கள், நீ சொல்லவே இல்லை என்று நினைத்தார்கள். உன் மனம் நோகக்கூடாது என்று அவர்கள் உன்னிடம் கேட்கவில்லை. வெட்கத்தில் நீ ஊருக்கே வரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் நான். அந்தக் கூட்டத்தில் தீர்மானத்தை எழுதியதும் என் கைதான். இந்தச் சேவையை நிறுத்துவது என்று என் அழகான எழுத்திலே எழுதினேன்.

அதற்குப் பிறகும் நீ அதை நிறுத்தவில்லை. பேசாமல் ஓடவிட்டிருந்தாய். என் போனில் எண் வந்துகொண்டேதான் இருந்தது. ஒரு வருடமாகக் குழுவில் நான் வாய் திறக்கவில்லை, திறக்க எனக்கு உரிமையும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலை எண் ஐம்பது. மாமாவின் படகு வெளியே. இப்போது அதை ஓட்டுவது உன் மச்சான், மாமாவின் மகன். கலியாணம் பேசி முடித்திருக்கிறார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் அந்த அறையில் இருந்தேன். சொன்னால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பார்கள், அங்கிருந்து எல்லாம் அவிழும். சொல்லாவிட்டால், இன்னொரு தரம். அவன் இறங்கி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதை யன்னலால் கண்ட பிறகுதான் போனைக் கீழே வைத்தேன். அன்று முகில் விலகிப் போய்விட்டது. நீ சொன்ன அந்த ஆறு அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆறு என்பது உன் பிழை இல்லை, நாங்கள் தப்பிப் பிழைக்கிற ஆறு தரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல் கோபப்பட்டிருக்கிறேன். மாரி தொடங்கிவிட்டது, தம்பி. இனித்தான் முகில் ஒவ்வொரு நாளும் வரும்.

நீ சிங்கப்பூருக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போ. நல்லாய் இரு. ஆனால் நான் சொன்ன பொய்யை நம்பிக்கொண்டு போகாதே. உன் கணினி அன்று பிழை விடவில்லை. எட்டுப் பத்துக்கே அது சொல்லிவிட்டது. உன் ஊர் ஆட்களும் உன்னை உதாசீனம் செய்யவில்லை, அவர்கள் காதுக்கு அது போகவே இல்லை. உனக்கு ஒன்றே ஒன்று சொல்வேன், அதையும் சொல்லத் தகுதியில்லாதவளாக இருந்துதான் சொல்கிறேன். இனி எங்கே எதைச் செய்தாலும், நீ சொல்வதற்கும் கேட்பவனுக்கும் நடுவில் உன்மேல் பாசம் வைத்த ஒருவரை இருத்தாதே. எதிரி உன் எண்ணை மாற்றினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். என்னைப்போல ஒருத்தி மாற்றினால் கண்டுபிடிக்க மாட்டாய். நான் உன் பெயரைக் காப்பாற்றப் போய் என் கூடப்பிறந்தவனின் காலைக் கொடுத்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடமும் கேட்கிறேன்.

இதுவரை எழுதியதை நேற்றுப் பின்னேரம், படகுகள் எல்லாம் கரையில் இருந்த நேரம் பார்த்து, அதே போனில் அதே குழுவில் வாசித்தேன். என் குரலில் அழித்ததை என் குரலிலேயே திருப்பிக் கொடுப்பதுதான் முறை என்று பட்டது. ஐந்து பதிவாகப் போட்டேன். ஒவ்வொருவராகக் கேட்பது நீல அடையாளத்தில் தெரிந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து மாமி வந்தாள். படலையைத் திறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று, "மச்சாள், ஒரு வருசமா என்ரை அடுப்படியிலை இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்களே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இனி அவள் என்னோடு கதைப்பாளோ தெரியாது. தலைவர் போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னார். நான் இனி எழுதுவினைஞராக இருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அதுவும் சரிதான்.

உன் மாமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கேட்டுவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. அந்த நீல அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று காலை படகுகள் புறப்படுகிற நேரம், குழுவில் அவருடைய குரல் வந்தது. காலுடைந்த பிறகு அவர் குழுவில் கதைத்ததே இல்லை. எல்லாரும் கேட்கும்படி கதைத்தார்.

"அக்கா, உன்னோடை கதைக்க எனக்கு இன்னும் மனம் வரேல்லை. அது வேறை. பெடியன் படகிலை ஏறி நிக்கிறான். இண்டைக்கு எத்தனை எண்டு சொல்லு."

படத்தைத் திறந்து பார்த்தேன். முப்பத்தைந்து. பத்துத்தரத்தில் மூன்று நாலு தரம் அடிக்கும், மற்றத் தரம் அடியாது, அதுவும் பொய்யில்லை என்று நீ சொன்னபடியே சொன்னேன். மூன்று படகு கரையில் நின்றுவிட்டது. மற்றவர்கள் போனார்கள். உன் மச்சானும் போனான், ஆனால் வெளிச்ச வீட்டைத் தாண்டிப் போகவில்லை. யன்னலால் பார்க்க அவன் படகு எனக்குத் தெரிகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எண்ணைச் சொல்லிச் சொல்லித்தான் இதை எழுதி முடிக்கிறேன். இப்போது முப்பது.

கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன், நாளை உன் கைக்கு வரும். மாதம் முடிய, நீ கணினியை நிறுத்த, இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு மாமா எத்தனை என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

அம்மா